மூன்று கம்பியச்சுகள்

கிள்ளானில், பூக்கடைகளும் புடவைக்கடைகளும் நெருங்கி நிற்கும் ஜாலான் தெங்கு கிளானா வரிசையின் பின்பக்கமாக, குறுகலான மரப்படிகளில் ஏறிப்போனால் எட்டுகின்ற ஒற்றை ஆள் பட்டறையில், பத்தர் ஒருவர், பல்லாண்டுப் பிரயோகத்தினால் விளிம்பெல்லாம் வழவழத்துப்போன எஃகுத் தகடு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கு மேல என்ன தம்பி வேணும் உனக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்கு விடை தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுப் பின்கட்டில், வார இறுதிகளில் வெள்ளிச் சங்கிலி செய்து பார்ப்பவன் என்பதற்கு மேல் எனக்கு இத்தொழிலில் எவ்வித உரிமையும் கிடையாது; ஆயினும், அவருடைய தகட்டையே இரவல் வாங்கி, கடையில் கிடைத்த வேறு இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டு மாத காலம் கம்பி இழுத்துப் பார்த்தேன்.

கம்பியச்சு என்பது மிக எளிய சாதனம். கடினப்படுத்திய எஃகுப் பட்டை ஒன்றில் பெரியதிலிருந்து சிறியது வரையில் துளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துளையும் புனலைப் போல ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகியிருக்கும். கம்பியின் முனையை அரத்தினால் கூராக்கி, அகன்ற பக்கமாக நுழைத்து, வெளியே எட்டிப்பார்க்கும் நுனியைக் குறட்டால் கவ்வி இழுத்தால், கம்பி துளையின் அளவுக்கு ஒடுங்கி, ஒடுங்கிய அளவுக்கு நீளும். 12ஆம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் என்னும் துறவி கைத்தொழில்களைப் பற்றி எழுதிய லத்தீன் நூலிலேயே இத்தகடு வர்ணிக்கப்பட்டிருக்கிறது; அவர் இன்று கிள்ளானுக்கு வந்தாலும் பட்டறையில் இதை அடையாளம் கண்டுகொள்வார்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்காரர்களும் குறிசுடுபவர்களும் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதற்குக் கையாளும் அச்சும் இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். வெடிப்பின் அழுத்தத்தில் உப்பிப்போன கூட்டை அச்சுக்குள் செலுத்திப் பழைய அளவுக்கு ஒடுக்குகிறார்கள். கூட்டை முழு நீளத்துக்கும் ஒடுக்குவதா, கழுத்தை மட்டும் ஒடுக்குவதா என்பதே அவர்களுடைய ஓயாத வாதம். செம்பு எழுபதும் துத்தநாகம் முப்பதுமான அந்தப் பித்தளையும், ஒடுங்க ஒடுங்க விறைத்துப்போவது, பழுக்கக் காய்ச்சினால் இளகுவது, மசகில்லாமல் இழுத்தால் அச்சிலேயே சிக்கிக்கொள்வது ஆகிய குணங்களில் நம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அண்ணன் தம்பியே. ஆனால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பதையே குற்றமாக்கியிருக்கும் இந்நாட்டில், உலோகத்தை அச்சில் ஒடுக்கும் இன்பம் வேண்டுபவன் பத்தரின் படியேறுவதே உத்தமம்.

பத்தருடைய தகட்டில் எண்கள் பாதிக்கு மேல் அழிந்துவிட்டன. 1.00 என்று அவர் சொன்ன துளையில் இழுத்த செப்புக்கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தபோது 1.04 மில்லிமீட்டர் காட்டிற்று. துளையை விட்டு வெளிவந்த உலோகம் சற்றே மீளுவது இயல்புதான் என்றாலும், இவ்வளவு தூரம் மீளாது. துளை தேய்ந்திருக்கிறது என்பதே பொருள். ஆயினும் கம்பியின் மேனியில் ஒரு கீறல் இல்லை. தேய்மானமே துளையின் வாயை மெருகேற்றிவிட்டிருந்தது.

இரண்டாவது, புத்தம் புதிய மலிவுத் தகடு. எண்கள் துல்லியமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. அளவும் சரியாகவே வந்தது. ஆனால் 0.8 துளையின் உதட்டில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய பிசிறு ஒன்று இருந்தது. அது கம்பியின் ஆதியிலிருந்து அந்தம் வரையில் தலைமயிர் போன்ற கோடு ஒன்றைக் கிழித்துக்கொண்டே வந்தது. செம்பில் அது அழகுக் குறைவு மட்டுமே. 916 தங்கத்தில் அந்தக் கோட்டை ராவி எடுக்க வேண்டும். ராவிய பொடி சேதாரம். சேதாரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதில்தான் நகைக்கடைகளில் குரல் உயருகிறது.

இனி, எனக்கு நேர்ந்த விபத்து. பத்தர் எனக்குக் கற்பித்த விதி, ஐந்து துளைக்கு ஒருமுறை கம்பியைக் காய்ச்ச வேண்டும் என்பது. 925 வெள்ளிக் கம்பியை (உலோக வெள்ளியைச் சொல்கிறேன், பணத்துக்கும் அதே பெயர் வைத்துக்கொண்டது நம் நாட்டு வழக்கம்) மலிவுத் தகட்டில், 2.0 மில்லிமீட்டரிலிருந்து, துளைக்குப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1.5 வரையில் சுகமாக வந்தது. காய்ச்சினேன். 1.0 வரையில் வந்தது. மறுபடியும் காய்ச்சினேன். அடுத்த ஐந்து துளைகளின் கடைசியில், 0.6லிருந்து 0.5க்குள் போகும்போது கம்பி 'கீச்' என்று கத்தியது. நான் பிடிவாதமாக இழுத்தேன். நுனி குறட்டோடு வர, நான் பின்னாலிருந்த அலமாரியில் மோதினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. கம்பியின் விட்டம் குறைவது முக்கியமன்று; அதன் குறுக்குப் பரப்பு எவ்வளவு குறைகிறது என்பதே அது விறைப்பதற்குப் பிரமாணம். 2.0லிருந்து 1.9க்குப் போவதில் பரப்பு பத்து சதவிகிதம் கூடக் குறைவதில்லை, 0.6லிருந்து 0.5க்குப் போகும் ஒரே துளையில் முப்பது சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. முதல் ஐந்து துளைகளில் மொத்தம் 44 சதவிகிதம்; கடைசி ஐந்தில் 75 சதவிகிதம். துளைகளை எண்ணியதே என் பிழை. ஒவ்வொரு படியும் சமமாக இருப்பது, பார்ப்பதற்கு ஒழுங்காகத் தோன்றினாலும், கம்பியச்சுக்குக் குறையே அன்றி நிறைவன்று.

மூன்றாவது தகடு இந்த இடத்தில்தான் தன் விலையை நியாயப்படுத்திக்கொண்டது. மலிவுத் தகட்டைப் போல நான்கு வாங்கலாம், அவ்வளவு விலை. எஃகுப் பட்டையில் ஒவ்வொரு துளையிலும் டங்ஸ்டன் கார்பைடு பதித்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே படிகள் 0.05 வீதம் இறங்குகின்றன. மின்விளக்குக்குள் எரியும் டங்ஸ்டன் இழையை இழுப்பதற்கு வைர அச்சு வாங்கிக் கட்டுப்படியாகாமல், 1923இல் பெர்லினில் ஒஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் உருவாக்கிய பொருள் அது. ஆகவே கம்பியச்சில் கார்பைடு வந்தது பிறந்த வீட்டுக்கே வந்ததுபோல. இழுக்கும் பலம் கண்கூடாகக் குறைந்தது. கம்பி கண்ணாடிபோல் வந்தது. கார்பைடுக்கு மசகு வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்: தேன்மெழுகு தடவாமல் இழுத்த கம்பி இங்கேயும் கத்தத்தான் செய்தது. கீழே போட்டால் விளிம்பு சில்லுப் பெயர்ந்துவிடும் என்பது அதன் சுபாவம். கம்பியைக் கோணலாக இழுப்பதும் ஆகாது.

பலம் குறைவதை அற்பமாக எண்ணக்கூடாது. முன்பெல்லாம் ஒருவர் தகட்டைப் பிடிக்க, ஒருவர் இழுப்பார். இப்போது அந்த இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. நகைத்தொழில், ஜவுளி, முடிதிருத்தம் ஆகிய மூன்றுக்கும் 2009 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தப்பட்டு, 2023இல்தான் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அமைச்சரவை இசைந்தது. உள்ளூர்ப் பையன்களோ இந்தப் படியில் ஏறுவதில்லை. பத்தர் தகட்டைப் பிடிகருவியில் இறுக்கிவிட்டு, தனியாகவே, பின்னோக்கி நடந்து இழுக்கிறார்.

என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு மில்லிமீட்டருக்கு மேலே எந்த எஃகுத் தகடும் போதும், வாங்குமுன் ஒவ்வொரு துளையின் உதட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டால். அதற்குக் கீழே கார்பைடு வேண்டும். கார்பைடுக்கு வசதியில்லையென்றால், படிகள் நெருங்கிய எஃகாவது வேண்டும்.

கொம்யூட்டர் ரயிலில் மூன்று தகடுகளையும் மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிள்ளானுக்குப் போனேன். பத்தர் கார்பைடுத் தகட்டின் கடைசித் துளையில் ஒரு கம்பியை இழுத்து, கட்டைவிரல் நகத்தால் வருடிப் பார்த்து, சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"கடைசி அஞ்சு ஓட்டையை மட்டும் தனியா விப்பாங்களான்னு கேளு" என்றார்.