சுகம் என்னும் சொல்: வளைகுடாக் கடிதமும் மொழிபெயர்ப்பும்

வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடிச் சென்றோரின் வாழ்வு பற்றி மலையாளத்திலும் தமிழிலும் எழுதப்பட்டவை இன்று பல. அவற்றின் சமூக, பொருளியல் பின்னணி ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. ஆயின், அங்குப் படும் துன்பத்தை ஊரார் கண்ணுக்குத் தெரியாமற் செய்வதில் மொழிக்குள்ள பங்கு போதிய அளவு நோக்கப்படவில்லை. சில வாய்பாட்டுத் தொடர்களும் சில இரவற் சொற்களும் அத்துன்பத்தின்மேல் திரையிடுகின்றன. அவற்றைப் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளரும் தம்மையறியாமல் அத்திரைக்குத் துணை போக நேர்கிறது. பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ (2008) என்னும் மலையாள நாவலையும், எஸ். ஏ. ஜமீலின் கத்துப் பாட்டுகளையும், காரக்கோணம் வட்டாரத்துக் கடித வழக்கையும் கொண்டு இதனை விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

காரக்கோணம் நான் பிறந்து வளர்ந்த ஊர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்துக்கும் உரியவை ஆயின. எல்லைக்கோடு அலுவலகங்களைப் பிரித்ததே தவிர, பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்தவில்லை. எனவே அடுக்களையில் தமிழும் பள்ளியில் மலையாளமும் வழங்கும் வீடுகள் இங்கு இன்றும் உள்ளன. 1990களில் இத்தகைய வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குச் சென்ற இளைஞர் மலையாளத்தில் கடிதம் எழுதினர். அவர்தம் தாய்மாரோ அதைத் தமிழில் கேட்க விரும்பினர். இடையில் நின்று வாசித்துச் சொன்னவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுள் நானும் ஒருவன். மொழிபெயர்ப்பில் எனக்குக் கிடைத்த முதற் பயிற்சி அதுவே.

ஒரு கடிதம் நன்கு நினைவிருக்கிறது. கட்டட வேலைக்குச் சென்றிருந்தவர் எழுதியது. ‘இவிடெ சுகம் தன்னே’ என்று தொடங்கி, ஊர் விசாரிப்புகளுக்கு இடையே, ‘பணிக்கிடையில் ஒந்நு வீணு, சாரமில்ல’ என்று ஒரே வரியில் ஒரு செய்தி. ‘சாரமில்ல’ என்னும் சொல்லை நான் மாற்றாமல் அப்படியே சொன்னேன். விளவங்கோட்டுப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அந்த அம்மையார் கொத்தனாரின் மனைவி. “சாரம் இல்லாமலா மக்களே அவன் உயரத்துல நிக்கான்?” என்று அவர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். மலையாளத்தில் அதற்கு ‘பெரிதில்லை, பொருட்படுத்த வேண்டாம்’ என்றே பொருள் என விளக்கினேன். அவர் என் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். ஈராண்டு கழித்து மகன் வந்தபோது வலது கால் மடங்கவில்லை. சாரம் இருந்ததா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மொழியியல் நோக்கில் என் விளக்கம் சரியானதே. சொல் ஒன்று, பொருள் இரண்டு. அம்மையார் கேட்டது பிழைக் கேள்வி. ஆனால் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து, எதனால் வீழ்ந்தான் என்ற வினாக்களை அக்கடிதத்திடம் கேட்டவர் அவர் ஒருவரே. சரியான பெயர்ப்பு அவ்வினாவை அடைத்துவிட்டது.

‘சுகம் தன்னே’ என்பது பொய்யா? பொய் எனக் கொள்வது பொருந்தாது. ‘நலம், நலமறிய அவா’ போல அது உறவைத் தொடுவதற்கான தொடர். செய்தி சொல்வதற்கானது அன்று. மலையாளத்தில் ‘சுகம்’ உடல்நலத்தைக் குறிக்கும். பொதுத் தமிழிலோ இன்பம், வசதி என்னும் பொருள்களே முந்திக்கொள்கின்றன. ஆகவே ‘சுகமாக இருக்கிறான்’ என்று பெயர்த்த அளவிலேயே அவன் வாழ்வு ஒரு படி உயர்ந்துவிடுகிறது. இதைவிடக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கடிதம் எழுதுபவனுக்கு, தாய் படிக்கத் தெரியாதவள் என்பது தெரியும். அயல்வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்லும் என்பதும் தெரியும். விசாவுக்கு வாங்கிய கடனும் அடகு வைத்த நிலமும் பற்றித் தெரு முழுதும் அறிய எவன் எழுதுவான்? மூடிய உறைக்குள் வந்தாலும் அது பொது அறிவிப்பே. அவர்கள் எழுதாமல் விட்டவற்றுக்கு வாசித்தவர்களாகிய நாங்களும் ஒரு காரணம் என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தேன்.

இப்பின்னணியில் வைத்து நோக்கினால்தான் ஜமீலின் கத்துப் பாட்டுகளுடைய இடம் விளங்கும். 1970களின் பிற்பகுதியில் தோன்றிய அம்மாப்பிளப் பாட்டு, வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்தது; பின்னர்க் கணவனின் மறுமொழியும் பாட்டாயிற்று. உண்மைக் கடிதம் எதை எழுதாதோ அதையே, கடிதத்தின் வடிவத்தை இரவல் வாங்கி, இப்பாட்டு ஊரறியச் சொல்லிற்று. தனிமையும் உடலின் ஏக்கமும் பாட்டில் வரலாம், உறைக்குள் வரலாகாது. ‘ஆடுஜீவிதம்’ இதற்கு எதிர்த்திசையிற் செல்கிறது. சவூதி அரேபியப் பாலைவனத்தில் ஆட்டுக் கொட்டிலில் அடிமைபோல் அகப்பட்ட நஜீப், மனைவி சைனுவுக்கென எழுதும் கடிதத்தில் வேறொரு நஜீபின் நல்வாழ்வு விரிகிறது. படிப்போர் இரண்டையும் அருகருகே காண்கின்றனர். நாவலின் வன்மை அடியும் பசியும் விவரிக்கப்படும் பக்கங்களில் மிகுதி என்பர் பலர். எனக்கு அக்கடிதமே அதன் மையமாகத் தோன்றுகிறது.

பிறிதொரு துறைக்கும் இது பொருந்தும். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் தொடங்கிய கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பு, அவ்வாண்டில் ஏறத்தாழ 13.6 லட்சம் கேரளத்தவர் வெளிநாடுகளில் இருந்ததாக மதிப்பிட்டது. மிகப் பயனுள்ள முயற்சி. ஆயினும் அது இல்லந்தோறும் சென்று எடுப்பது. வெளியில் இருப்பவரைப் பற்றி வீட்டில் இருப்பவர் கூறுவதே அதற்குத் தரவு. அனுப்பிய தொகை வீட்டாருக்குத் தெரியும். வீழ்ந்த உயரம் தெரியாது.

இனி இரவற் சொற்கள். நஜீப் தன்னைப் பிடித்துச் சென்றவனை ‘அர்பாப்’ என அழைக்கிறான். அரபியில் இது ‘ரப்பு’ (தலைவன், இறைவன்) என்பதன் பன்மை. பாரசீகத்தில் ஒருமையாகவே நிலக்கிழாரைக் குறிக்கும். ‘முதலாளி’ எனப் பெயர்த்தால் கூலியும் கணக்கும் உள்ள ஓர் உறவு கற்பிக்கப்பட்டுவிடுகிறது. நாவலில் அவ்வுறவு இல்லை. இவ்விடத்தில் அர்பாப் அர்பாபாகவே நிற்பது நன்று.

‘கபீல்’ என்பதன் கதை வேறு. ஒருவருக்காகப் பொறுப்பேற்றல், ஆதரவற்ற பிள்ளையைப் பேணுதல் ஆகியவை அதன் வேர்ப்பொருள்கள். பேணுதலைக் குறித்த சொல், பிறன் பயணத்தையும் வேலையையும் கையில் வைத்திருப்பவனுக்குப் பெயராயிற்று. ‘ஸ்பான்சர்’ என்னும் வழக்குச் சொல் நாடகக் குழுவுக்கு நன்கொடை தருபவரையும் நினைவூட்டுவதால் பொருந்தவில்லை. ‘பிணையாளி’ என்னலாம் என்பது என் கருத்து. பிணை என்பது பொறுப்பு. பிணைத்தல் என்பது கட்டுதல். எவர் யாருக்குப் பிணை என்ற மயக்கம் அதில் எழும். ‘பிணைக்கைதி’ என்ற நாளிதழ் வழக்கும் குறுக்கிடும். அம்மயக்கம் இங்குக் குறையன்று.

‘ஃப்ரீ விசா’ என்பது நம் ஊர்ப் பேச்சில் மிகுதியாக வழங்குவது. இலவசமும் அன்று, உரிமையும் அன்று. ஒரு கபீலின் பெயரைப் பணம் கொடுத்து வாங்கி, வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளும் ஏற்பாடு. வேலையிலிருந்து ஓடிவிட்டதாக முதலாளி பதிவு செய்வதை ‘ஹுரூப்’ என்பர், அரபியில் ‘ஓட்டம்’. மலையாளத்தார் ‘ஹுரூபாக்கி’ என்கின்றனர். ஓடுதல் ஓடுபவனின் வினை. இங்கோ அது பிறர் ஒருவர்மேல் செய்யும் வினையாகிவிட்டது. அவன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாலும் ஹுரூப் ஆக்கப்படலாம். இத்தொடரை ‘ஓடிப்போனான்’ எனத் தமிழாக்கினால் குற்றம் இடம் மாறுகிறது. ‘ஓடிப்போதல்’ நம்மிடையே பெறும் ஒழுக்கச் சாயல் வேறு வந்து சேர்கிறது. ‘ஓடியவனாக்கப்பட்டான்’ என்பது செவிக்கு இனிதன்று; ஆனால் உண்மை.

பிலிப்பைன்ஸ் நாட்டு நிலை ஒப்பிடத்தக்கது. 1988இல் அந்நாட்டுத் தலைவர் கோரசோன் அக்கினோ, ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்த தம் நாட்டுப் பெண்களை ‘பாகோங் பயானி’ (புதிய வீரர்) எனப் போற்றினார். 1995 மார்ச்சில் ஃபுளோர் கான்டெம்பிளாசியோன் என்னும் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பின் பின்னரே, அவ்வாண்டு புலம்பெயர் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. வீரர் எனப்பட்டவர் வலியைச் சொல்லுதல் எளிதன்று. அதே மக்கள், உரிய ஆவணமின்றி அயல்நாட்டில் வாழ்வோரைத் ‘தாகோ நாங் தாகோ’ (ஓயாமல் ஒளிந்துகொண்டிருப்போர்) எனத் தம் பேச்சில் குறித்தனர். அரசு தந்த பெயரினும் இது நேர்மையானது. நம் பக்கத்தில் ‘பிரவாசி’, ‘அயலகத் தமிழர்’ ஆகியவை மேடைக்குரியன. அயல்நாட்டான் என்னும் பொருளுடைய ‘பரதேசி’யை இரவலனாக்கிய தமிழ்ப் பேச்சு வழக்கு அத்தகைய மரியாதை எதையும் தரவில்லை.

நாவலின் தலைப்பு தமிழிலும் ‘ஆடு ஜீவிதம்’ என்றே வழங்குகிறது. மலையாளத்தில் ‘ஜீவிதம்’ அன்றாடச் சொல். தமிழில் சற்றே உயர்வழக்கு. ‘பிழைப்பு’ நெருங்கிய சொல். பிழைக்கப் போனான் என்கிறோம். சாவிலிருந்து தப்புதலும் தவறுதலும் அவ்வேர்ச்சொல்லில் அடங்கும். ஆனால் ‘நாய்ப் பிழைப்பு’ என்னும் வசவு அருகில் நிற்பதால் ‘ஆட்டுப் பிழைப்பு’ இகழ்ச்சியாகிவிடும். ஊரிலுள்ளோர் பெயர்களை ஆடுகளுக்கு இட்டு அவற்றோடு பேசி வாழ்ந்த மனிதனுக்கு அது தகாது. தலைப்பை மாற்றாது விட்டது சரியே என எண்ணுகிறேன்.

2021 மார்ச்சில் சவூதி அரேபியா பிணையாளி முறையைத் தளர்த்தியபோது வீட்டு வேலையாளரும் ஆடு மேய்ப்போரும் அத்தளர்வுக்குள் சேர்க்கப்படவில்லை. கடிதம் வழக்கொழிந்து இன்று கைப்பேசியில் குரல் வருகிறது. அதிலும் தொடர் ஒன்றே: ‘குழப்பமில்ல’. மலையாளத்தில் ‘தொல்லை இல்லை’. தமிழ்ச் செவிக்கு ‘மனக் குழப்பம் இல்லை’. குரலில் ஏற்ற இறக்கமும் சொல்லுக்கு முந்திய இடைவெளியும் கேட்கின்றன. எழுத்தில் பெயர்க்கும்போது அவை போய்விடுகின்றன. அண்மையில் ஊருக்குச் சென்றபோது எதிர்வீட்டு மூதாட்டி பேரனின் குரற்பதிவை என்னிடம் போட்டுக்காட்டி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். மும்முறை கேட்டேன். சொல்லைச் சொன்னேன், இம்முறை பொருள் சொல்லவில்லை.