வாடகை விமானிகளின் ஊதியம்: இந்தியாவிலும் இலங்கையிலும்

கால அட்டவணை இல்லாமல், கேட்பவருக்கு வாடகைக்குப் பறக்கும் விமானத்தையும், ஒரு நிறுவனமோ தொழிலதிபரோ சொந்தப் பயணத்துக்கு வைத்திருக்கும் விமானத்தையும் ஓட்டுவோருக்கு இந்தியாவிலும் சரி, இலங்கையிலும் சரி, சட்டம் வகுத்த சம்பள அளவு கிடையாது. பெரிய விமான சேவைகளில் விமானிகளின் சம்பள அளவு வெளியே தெரிந்துவிடும், சங்கங்கள் அதை வைத்து வாதாடும். வாடகைப் பறப்பில் ஒவ்வொரு விமானியும் தனித்தனியே பேசி முடித்துக்கொள்கிறார். அந்தப் பேச்சில் இந்தியாவில் எடை பெறுவது பறக்கும் இடமும் இயந்திரமும். இலங்கையில் எடை பெறுவது முதலாளி யார், பணம் எந்த நாணயத்தில் வருகிறது என்ற இரண்டும்தான்.

இந்தியாவில் இரு வகைப் பறப்பும் உரிமத்திலேயே பிரிந்துவிடுகின்றன. டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்திடம் கால அட்டவணை இல்லாத சேவைக்கான 'என்எஸ்ஓபி' அனுமதி பெற்றவர் மட்டுமே இவ்வகையில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றலாம். தனியார் வகையில் பதிவான விமானம் உரிமையாளருக்கும் அவருடைய ஆட்களுக்கும் மட்டுமே. சம்பள அமைப்பும் ஏறக்குறைய இதே கோட்டில் பிரிகிறது. வாடகை நிறுவனத்தில் நிலையான மாதத் தொகையுடன் பறந்த மணிக்கான படியும் சேரும். தொழிலதிபரின் ஜெட்டை ஓட்டுபவருக்கு மணிக்கணக்கு பயன்படாது, ஏனெனில் அந்த விமானம் மாதத்தில் பல நாட்கள் கொட்டகையிலேயே நிற்கும். அவருக்குக் கிடைக்கும் பணம் பறப்பதற்கானது என்பதைவிட, நள்ளிரவில் அழைத்தாலும் புறப்பட ஆயத்தமாக இருப்பதற்கானது. ஆகவே அது முழு மாதச் சம்பளமாகவே பேசப்படுகிறது.

இரண்டு தரப்புக்கும் அளவுகோலாக இருப்பது விமான சேவைகளின் சம்பளம். 2023 மே மாதத்தில் ஸ்பைஸ்ஜெட் தன் கேப்டன்களுக்கு 75 மணி நேரப் பறப்புக்கு மாதம் ரூ. 7.5 லட்சம் என்று அறிவித்தது. ஒரு வாடகை ஜெட் கேப்டன் அடுத்த நாள் முதலாளியிடம் பேச உட்கார்ந்தால் அந்த எண்ணைத்தான் மேசையில் வைப்பார். அதைவிட முக்கியமானது உத்தரவாத மணி, அதாவது பறந்தாலும் பறக்காவிட்டாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் குறைந்தபட்ச நேரம். கொரோனாவுக்கு முன் 70 மணி என்பது பரவலான வழக்கமாக இருந்தது. தொற்றுக் காலத்தில் அது சுருங்கியது. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா முன்வைத்த புதிய அமைப்பில் 40 மணி மட்டுமே உத்தரவாதம் என்றதும் விமானிகள் எதிர்த்தார்கள். மணிக்கு எவ்வளவு என்பதில் காட்டும் அக்கறையை, எத்தனை மணி உறுதி என்பதில் காட்டாத இளம் விமானிகள் வாடகைத் துறையில் ஏமாந்துபோவது சகஜம். பருவகாலத்தை நம்பிய தொழிலில் நான்கு மாதம் வேலையில்லாமல் போகலாம்.

இடத்தின் விலை இந்தியாவுக்குள்ளேயே மாறுகிறது. டெல்லியும் மும்பையும் ஜெட் விமானங்களின் ஊர்கள். பெரும் நிறுவனங்கள் பலவற்றின் தலைமையகங்கள் அங்கே இருக்கின்றன, கண்டம் தாண்டிப் பறக்கும் விமானங்களும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கின்றன. அந்த வகை விமானத்துக்குத் தகுதிப் பயிற்சி பெற்ற கேப்டன்கள் நாட்டில் சிலரே என்பதால் அவர்கள் கேட்பது பெரும்பாலும் கிடைக்கும். மும்பை ஜூஹு விமானத் தளத்தின் கணக்கு வேறு. அங்கிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டர்கள் ஆள் ஏற்றிச் செல்கின்றன. இரட்டை இயந்திரம், இரண்டு விமானிகள், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி, கடலில் விழுந்தால் வெளியேறும் பயிற்சி என்று எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறது. ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் ஓடுவதால் சம்பளமும் சீரானது. சில வாரம் பணி, சில வாரம் வீடு என்ற சுழற்சியும் உண்டு. 1985இல் தொடங்கிய பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டர் நிறுவனம் உருவானதே பெருமளவு இந்தத் தேவைக்காகத்தான்.

இமயமலையில் நிலைமை தலைகீழ். கேதார்நாத் கோயில் 3,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து பக்தர்களை ஏற்றும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் ஒற்றை இயந்திரம், ஒற்றை விமானி கொண்டவை. காற்று மெலிந்திருப்பதால் இயந்திரத்தின் திறன் குறைகிறது. பள்ளத்தாக்கு குறுகியது, மேகம் சில நிமிடங்களில் வழியை மூடிவிடும், கருவி வழிகாட்டுதல் கிடையாது. பாட்டாவிலிருந்து ஒரு பயணம் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒரு காலைப் பொழுதில் பல முறை ஏறி இறங்கினாலும் பறந்த மணிகள் சிலவே சேரும். உழைப்பும் ஆபத்தும் ஒவ்வொரு தரையிறக்கத்திலும் இருக்கின்றன, கூலியோ மணியில் அளக்கப்படுகிறது. இந்த முரணால்தான் யாத்திரைப் பருவத்துக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே எடுபடுகிறது. நிறுவனத்தின் வருமானமோ பயண எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே வானிலை சரியில்லை என்று சொல்லும் விமானி நிறுவனத்துக்கு நேரடி நட்டம். 2025 மே 8 முதல் ஜூன் 15 வரை, கேதார்நாத் உள்ளிட்ட நான்கு யாத்திரைத் தலங்களைக் கொண்ட சார்தாம் பகுதியில் ஐந்து ஹெலிகாப்டர் விபத்துகளும் சம்பவங்களும் நேர்ந்தன. மே 8 அன்று ஆறு பேரும், ஜூன் 15 அன்று ஏழு பேரும் இறந்தார்கள். அதன் பின் சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகள் கூடின. மலையில் பறந்து பழகிய விமானியின் விலை உயர வேண்டிய இடம் இது. உயர்ந்தாலும், அந்த உயர்வு ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே.

வடகிழக்கு மாநிலங்களிலும் லட்சத்தீவிலும் பறப்பவர்களுக்கு வாடிக்கையாளர் பெரும்பாலும் அரசு. நோயாளியைத் தீவிலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோவது, அருணாசல மலைகளுக்கு ஆள் ஏற்றுவது போன்ற வேலைகளில் கட்டணத்தை ஏலம் நிர்ணயிக்கிறது, சம்பளமும் அதற்குள் அடங்கியாக வேண்டும். தேர்தல் காலம் இதற்கு நேர் எதிர். 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நடந்தது. கட்சிகளின் நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்பதால், இத்தகைய வாரங்களில் ஹெலிகாப்டர்களுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். ஓய்வில் இருந்த விமானிகளும் தற்காலிக ஒப்பந்தத்தில் அழைக்கப்படுகிறார்கள்.

ஹெலிகாப்டர் விமானிகளின் சம்பளத்தைக் கீழே இழுக்கும் ஒரு சக்தியும் இந்தியாவில் உண்டு. இவர்களில் பெரும் பகுதியினர் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். ஓய்வூதியம் கையில் வைத்திருப்பவர் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்வார். சொந்தக் காசில், கடன் வாங்கி உரிமம் எடுத்த இளைஞரால் அவரோடு போட்டியிட முடியாது. பறப்பு மணிகளிலும் முடியாது, பேரத்திலும் முடியாது.

இலங்கையில் படைக்கும் வாடகைப் பறப்புக்குமான உறவு இன்னும் நெருக்கமானது. அங்கே படையே வாடகை நிறுவனம் நடத்துகிறது. இலங்கை விமானப்படையின் வணிகப் பிரிவான ஹெலிடுவர்ஸ், வை-12, எம்ஏ-60 விமானங்களையும் பெல் ஹெலிகொப்டர்களையும் இரத்மலானையிலிருந்து இயக்கிவந்தது. ஓட்டுபவர்கள் சீருடை அணிந்த அதிகாரிகள். அவர்களுக்குப் பதவிக்குரிய அரசுச் சம்பளமும் பறப்புப் படியும்தான், பயணி கொடுத்த கட்டணத்தோடு அந்தத் தொகைக்குத் தொடர்பில்லை. சந்தையின் பெரிய சேவையாளர் விமானிக்குச் சந்தை விலை கொடுக்காதபோது, தனியார் நிறுவனங்கள் தம் கட்டணத்தை அதற்கு ஈடாகத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. தேர்தல் காலத்தில் இந்தியாவில் பார்த்த நெருக்கடி அங்கே தனியார் விமானிக்குப் பெரிய லாபமாக மாறாததற்கும் இது ஒரு காரணம்.

தனியார் தரப்பில் 2013இல் தொடங்கிய சினமன் எயார் செஸ்னா கரவன் விமானங்களைக் கட்டுநாயக்கவிலிருந்து சிகிரியா, திருகோணமலை, கொக்கல போன்ற இடங்களுக்கு இயக்கியது. மிதவை பொருத்தியவை நீர்நிலைகளிலும் இறங்கின. வாடிக்கையாளர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு, தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து அடி விழுந்தது இந்த வாடிக்கையாளர் கூட்டத்தின் மேல்தான். நிறுவன ஜெட்டைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. உள்ளூர் நிறுவனங்கள் சொந்த ஜெட் வைத்திருப்பது மிக அரிது, வந்திறங்கும் ஜெட்டுகள் வெளிநாட்டுக்காரருடையவை, விமானிகளும் அவர்களோடே வருகிறவர்கள்.

நாட்டின் பரப்பளவும் இங்கே கணக்கில் வருகிறது. கொழும்பிலிருந்து எந்த மூலைக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்புக்குள் போய்விடலாம். வெளியூர்த் தங்கல் படி, கடினப் பகுதிப் படி என்று இந்திய விமானி கேட்டு வாங்கும் தலைப்புகள் இலங்கையில் அவ்வளவாக எழுவதில்லை. ஒரு காலத்தில் இடத்தால் வந்த ஆபத்து உண்மையாகவே இருந்தது. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன்எயார் ஆன்டனோவ்-24 விமானம் மன்னாருக்கு அருகே கடலில் விழுந்து 55 பேர் இறந்தார்கள். அது பெலாரஸ் நிறுவனம் ஒன்றிடம் வாடகைக்கு எடுத்தது. போர்க்காலத்தின் வடக்குப் பறப்பில் ஒரு பகுதி இப்படி வெளிநாட்டு விமானங்களையும் குழுக்களையும் நம்பி நடந்தது. மற்றொரு பகுதியைப் படை ஏற்றது. ஆகவே அந்த ஆபத்துக்கான கூடுதல் கூலி உள்ளூர் சிவில் விமானியின் சம்பளத்தில் ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை.

இலங்கை விமானிக்கு உண்மையான பிரதேச வேறுபாடு கடலுக்கு அப்பால்தான் தொடங்குகிறது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டதும் டாலருக்கு ஏறத்தாழ 200ஆக இருந்த மாற்று விகிதம் சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ரூபாயில் சம்பளம் வாங்கியவரின் டாலர் மதிப்பு பாதிக்கு அருகே சரிந்தது. அதே சமயம் மாலைதீவில் ருஃபியா டாலரோடு 15.42 என்ற அளவில் கட்டப்பட்டே இருந்தது. உலகின் மிகப் பெரிய நீர்விமானக் கூட்டத்தை வைத்திருக்கும் டிரான்ஸ் மோல்டிவியன் எயார்வேஸ் அங்கேதான் இயங்குகிறது. மிதவை விமானத்தில் இலங்கை ஏரிகளில் இறங்கிப் பழகியவருக்கு அதைவிடப் பொருத்தமான அடுத்த படி கிடையாது. வளைகுடா நாடுகளின் இழுப்பும் சேர்ந்துகொண்டது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிலிருந்து விமானிகள் வெளியேறியபோது காலியான இருக்கைகளைச் சிறு நிறுவன விமானிகள் நோக்கினார்கள். இந்தியாவிலும் இதே நகர்வு உண்டு, ஆனால் அது நாட்டுக்குள்ளேயே முடிகிறது. 2023இல் இண்டிகோ 500, ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆணை கொடுத்த பின், வாடகைத் துறையின் துணை விமானிகளுக்கு வெளிநாடு போகாமலே வாய்ப்பு திறந்தது.

இலங்கைச் சம்பளத்துக்கும் வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியை வரி இன்னும் அகலமாக்குகிறது. கணக்குக்காக, மாதம் பத்து லட்சம் இலங்கை ரூபாய் வாங்கும் ஒரு கப்டனை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு கோடி இருபது லட்சம். 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விகிதத்தில் 18 லட்சம் விலக்கு போக, உச்ச விகிதமான 36 சதவீதம் வரை ஏறி, அவர் கட்டுவது சுமார் 31.9 லட்சம், அதாவது வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல். 2025ஆம் ஆண்டு மாற்று விகிதத்தில் அந்தச் சம்பளம் ஏறத்தாழ 35 லட்சம் இந்திய ரூபாய். அதே தொகையை வாங்கும் இந்திய விமானி 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் கட்டுவது சுமார் 6.3 லட்சம், 18 சதவீதம். மாலைதீவில் மாதம் 60,000 ருஃபியா வரை வரியே இல்லை, உச்ச விகிதமும் 15 சதவீதம்தான்.

சேமிப்பில் மட்டும் இலங்கை விமானிக்குச் சற்று மேலான நிலை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 சதவீதமும் செலுத்த வேண்டும், இதற்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்குச் சட்டம் கட்டாயப்படுத்தும் சம்பள வரம்பு மாதம் ரூ. 15,000. அதற்கு மேல் செலுத்துவது முதலாளியின் விருப்பம், பல நிறுவனங்கள் விரும்புவதில்லை. பணிக்கொடை இரு நாட்டிலும் பொதுவாக ஐந்து ஆண்டு நிறைந்தவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய அரை மாதச் சம்பளம்.

பயிற்சிச் செலவு இரு நாட்டு விமானிகளையும் ஒரே மாதிரி கட்டிப்போடுகிறது. ஜெட் விமான வகைத் தகுதிப் பயிற்சிக்கான சிமுலேட்டர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பதால் கட்டணம் டாலரில் போகிறது. முதலாளி அதைச் செலுத்தினால் விமானி சில ஆண்டுகளுக்குப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும், இடையில் விலகினால் மீதியைத் திருப்பித் தர வேண்டும். டாலரில் எழுதிய பத்திரத்தில் ரூபாய் சரிந்தால் கடன் தானாகவே பெருகிவிடும். 2022க்குப் பிறகு இலங்கையில் வேலை மாற நினைத்த விமானிகள் சம்பளக் கடிதத்துக்கு முன் பிணைப் பத்திரத்தில் எந்த நாணயம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.