பசைக்கு மட்டும் விலை

"நல்ல காரியத்துக்குத்தானுங்க, சின்னதா ஒண்ணு ஒட்டிக் குடுங்களேன்." சேலம், நாமக்கல் பக்கம் படம் போடுகிற யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியம் அவர்களுக்கு மனப்பாடம். குழந்தையின் அறுவைச் சிகிச்சை, முதியோர் இல்லம், வெள்ள நிவாரணம் என்று காரணம் மாறும். அந்தச் 'சின்னதா' மட்டும் மாறாது. தபால் அட்டை அளவில் துணி, காகிதம், நூல், கொஞ்சம் வண்ணம். ஒரு மண்டபத்தின் ஓரத்தில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் விற்றுவிடும். வாங்குகிறவர் அட்டையைப் பார்ப்பதைவிட உண்டியலைத்தான் அதிகம் பார்க்கிறார். பணம்தானே வேண்டும், இதிலென்ன தப்பு என்பார்கள். எனக்கு அங்கேதான் தகராறு.

சின்னது, ஒட்டியது, இனாமாக வந்தது. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் விமர்சனம் வாயை மூடிக்கொள்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்ற கூச்சம். ஆனால் கொலாஜ் என்ற கலை தொடங்கியதே சின்னதாகத்தான். 1912இல் பிரம்புப் பின்னல் அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டி பிக்காசோ செய்த படம் 29க்கு 37 செ.மீ. மளிகைக்கடை காலண்டர் அட்டை அளவுதான். 1919இல் குர்ட் ஷ்விட்டர்ஸ் ஒரு வங்கியின் பெயரிலிருந்த 'கொமெர்ட்ஸ்' என்ற சொல்லை வெட்டி, 'மெர்ட்ஸ்' என்ற வால்துண்டை மட்டும் வைத்துக்கொண்டார். வணிகம் என்ற சொல்லின் மிச்சம். தன் கலைக்கே அதைப் பெயராக்கினார். நம் ஊரிலும் இது புதிதில்லை. ரவிவர்மா அச்சுப்படத்து லட்சுமிக்கு நிஜத் துணியில் சேலை வெட்டி ஒட்டி, ஜரிகையும் ஜிகினாவும் பதித்துக் கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் எத்தனை! ஒட்டியவர்கள் யாரும் கொலாஜ் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். கை மட்டும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தது.

சட்டம் இந்தக் கையை எப்படி மதிப்பிடுகிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். அமெரிக்காவில் 1969இல் வந்த வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஓவியர் தன் படைப்பைத் தானே நன்கொடையாகத் தந்தால் மூலப்பொருளின் செலவை மட்டும்தான் கழித்துக்கொள்ள முடியும். அதே படத்தை வாங்கிச் சில காலம் வைத்திருந்த பணக்காரர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால் சந்தை மதிப்பையே காட்டலாம். இங்கே 80ஜி சலுகை என்பது பணமாகக் கொடுப்பவருக்குத்தான். பொருளாகக் கொடுத்தது கணக்கிலேயே வராது. கொலாஜுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பழைய பஸ் டிக்கெட், கிழிந்த துணி, பத்து ரூபாய்ப் பசை. அதாவது பசைக்கு மட்டும் விலை. கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு ரூபாய் போடுகிற அன்பரும் இதே கணக்கைத்தான் போடுகிறார் என்பது என் வருத்தம்.

பார்க்க ஆரம்பித்தால் சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே செய்யப்படும் அட்டைகளின் பெரிய நோய், ஊரைப் பெயர்ப்பலகையாக்குவது. சேலம் என்றால் நாலு ஜவ்வரிசி, ஒரு கொலுசு முத்து. நாமக்கல் என்றால் முட்டை ஓடு, மூலையில் ஒரு லாரி. இளம்பிள்ளைச் சேலைக் கரையை பார்டராக ஒட்டிவிட்டால் மண்வாசனை முடிந்தது. பொருள் அங்கே பொருளாக இல்லை, லேபிளாக இருக்கிறது. வாங்குகிறவருக்கு 'நம்மூரு' என்று சந்தோஷம், சீக்கிரம் விற்கும். மாறாக, முட்டை அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கித் தட்டிக் காயவைத்த ஒரு துண்டைப் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறம். அதன் குறுக்கே விசைத்தறியில் அறுந்து விழுந்த சிவப்பு நூல் ஒன்று, ஒட்டப்படாமல், இரண்டு முனையில் மட்டும் அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. கோடைக்கால ஏரி என்று எனக்குப் பட்டது. பக்கத்திலிருந்தவர் தையல் போட்ட வயிறு என்றார். நாமக்கல் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் வேறு ஊரில் அந்தச் சாம்பல் கிடைக்காது. அன்றைக்குக் கடைசிவரை தொங்கியது அதுதான்.

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் 1994இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 'ஆர்.சி.ஏ. சீக்ரெட்'. தபால் அட்டை அளவுப் படங்கள், எல்லாம் ஒரே விலை, கையெழுத்து பின்பக்கம். மாணவர்களின் உதவித்தொகைக்கான விற்பனை. டேமியன் ஹர்ஸ்ட், ட்ரேசி எமின் தொடங்கிப் பெயர் தெரியாத மாணவர்வரை ஒரே சுவரில். காசு கொடுத்த பிறகுதான் யாருடையது என்று தெரியும். அருமையான யோசனை, வேறு வழியில்லாமல் மக்கள் படத்தைப் பார்த்தார்கள். கொஞ்ச வருஷத்தில் லாட்டரி வாசனையும் வந்துவிட்டது. இரவெல்லாம் தெருவில் வரிசை, 'இது ஹர்ஸ்ட்டோட கையா' என்ற துப்பறிதல். பார்வை மறுபடி பெயரைத் தேடிப் போயிற்று.

சேலத்தில் அந்தப் பயம் இல்லை, மறைக்கிற அளவுக்குப் பெயர் யாருக்கும் கிடையாது. இங்கே மறைக்க வேண்டியது காரணத்தை. ஒவ்வொரு அட்டைக்குப் பக்கத்திலும் நோயாளிக் குழந்தையின் போட்டோவை மாட்டிவிட்டால் எந்த மனுஷனால் அட்டையைப் பார்க்க முடியும்? முன்பக்கம் படம் மட்டும் இருக்கட்டும். செய்தவர் பெயர், பணம் போகிற இடம் எல்லாம் பின்பக்கம். இதை ஒரு அமைப்பாளரிடம் சொன்னேன். "அப்படிப் போட்டா ரெண்டு மூணு விக்காம நின்னுருமுங்க" என்றார்.

நிற்கட்டும். எந்த ரெண்டு மூணு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.