வில்தகட்டின் பொறுமை

வட இலங்கையில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களைப் பேசுவோர் இயந்திரத்தையே புகழ்வர். பின்னச்சைத் தாங்கும் வில்தகட்டடுக்கும் அதே புகழுக்குரியது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் முன்சில்லுகளுக்குத் தனித்தனியே அசையும் முறுக்குத்தண்டு அமைப்பைக் கொடுத்த அலெக் இசிகோனிஸ்கூடப் பின்பகுதிக்கு வில்தகட்டையே வைத்தார். நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுத் தகடுகளை அடுக்கி நடுவே இறுக்கிய இவ்வமைப்பு, வளைவுவிசை மிகுந்த நடுப்பகுதியில் தடித்தும் முனைகளில் மெலிந்தும் இருப்பதோடு, அச்சு முன்பின் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் தானே செய்கிறது. பின்சில்லுகள் தனித்தனியே ஏறியிறங்கும் அமைப்பு சொகுசானதுதான். ஆனால், கழிவு வாகனமொன்றிலிருந்து அதனைக் கழற்றிப் பழைய காரில் பொருத்துவோர், முன்பு அச்சோடு அசைந்த பற்சக்கரப் பெட்டியை அடிச்சட்டத்தில் பூட்ட வேண்டியிருப்பதால், அதன் முறுக்குவிசையைத் தாங்கக் குறுக்குச்சட்டம் அமைத்து வலுவூட்டியாக வேண்டும். வில்தகட்டுக்கோ, பாரம் கூடினால் பொருத்தமான இன்னொரு தகட்டைச் சேர்த்தாலே பெரும்பாலும் போதும்.

மன்னார்க் கரையில் இதன் பகை உப்பு. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் வீசும் கடற்காற்றின் ஈரம் தகடுகளின் இடுக்கில் தங்கித் துருக்குழிகளை உண்டாக்க, அக்குழிகளிலிருந்து வெடிப்பு தொடங்குகிறது. பற்றவைக்கும் சூடு எஃகின் பதத்தைக் கெடுக்கும் என்பதால், கைதேர்ந்த கராஜ்காரர் வெடித்த தகட்டை ஒட்டாமல், வேறு வாகனத்தின் நல்ல தகடொன்றை அளவுக்கு வெட்டி, கிறீஸ் பூசி அடுக்குகிறார்.