எழுத்து என்ற சாக்கு

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான ‘ஃபாலோயிங்’ (1998) சுமார் 6,000 டாலர் செலவில் லண்டனில், 16 மில்லிமீட்டர் கருப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. நடித்தவர்களுக்கு வேறு வேலைகள் இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு, ஓராண்டு பிடித்தது. துப்பறியும் படங்களின் வரிசையில் இதை வைப்பார்கள். எழுதுகிறவனின் அறம் பற்றிய படமாகவே எனக்குப் படுகிறது.

எழுத்தாளனாக விரும்பும் வேலையற்ற இளைஞன் ஒருவன் முன்பின் தெரியாதவர்களைத் தெருவில் பின்தொடர்கிறான். பாத்திரங்களுக்கு விஷயம் சேர்ப்பதாகக் காரணம் சொல்கிறான். ஒருவரையே இருமுறை தொடர்வதில்லை என்ற தன் விதியையும் மீறுகிறான். அப்படித் தொடரப்பட்ட காப் என்ற திருடன் நேரே வந்து எதிரில் உட்கார்கிறான். தன் தொழிலில் சேர்த்துக்கொள்கிறான். பார்ப்பவன் தன்னை யாரும் பார்ப்பதில்லை என்று நம்புகிறான். அவன்மேல் கொலைப்பழியைச் சுமத்த அந்த நம்பிக்கையே திருடனுக்குப் போதுமானதாக இருக்கிறது.

நாம் காண்பது அவன் ஒரு போலீஸ்காரரிடம் சொல்லும் கதை. அவன் முழுதாகச் சொல்லி முடிக்கும் ஒரே கதையும் அதுதான். ஒன்றுவிடாமல் சொல்கிறான், சாட்சியங்களோ அவனையே கொலையாளியாகக் காட்டுகின்றன.

பிறர் வாழ்வை வேடிக்கை பார்ப்பதற்கு ‘அனுபவச் சேகரம்’ என்று நாமும் பெயர் வைத்திருக்கிறோம். இந்தப் படத்துக்குப் பின் அந்தச் சொல்லைக் கூச்சமின்றி என்னால் எழுத முடியவில்லை.