ஜூன் மாதத்துக் குரல்

தென்காசிப் பக்கம் பள்ளிக்கூடம் திறப்பதும் குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் ஜூன் மாதத்தில்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்த மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை சிற்றாற்றை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம், ‘ஆற்றில் தண்ணீர் நிறைய வந்தது’ என்று எழுதுவாள். பத்தாவது வாரத்தில், ‘ஊரில் மழை இல்லை. ஆனாலும் தண்ணீர் கூடி, செம்மண் நிறமாக வந்தது. மலையில் பெய்திருக்க வேண்டும்’ என்று எழுதக்கூடும். அவள் கற்றது முழுவதும் இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையில் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு கடைசியில் அவள் வந்து சேர்ந்த இடத்தைத்தான் கேட்கும், அதுவும் கேள்வி சரியாக அமைந்தால். கடந்து வந்த வழியை அது கேட்பதில்லை. டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ எனப்படும் மின்தொகுப்பின் நியாயம் இதுதான்: மாணவரின் வேலைகளைத் தேதி வாரியாகச் சேர்த்து, அவற்றில் சிலவற்றை அவரே தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லவைப்பது.

இதற்கு நோட்டுப் புத்தகம் போதாதா என்று கேட்கலாம். ஆற்றைப் பற்றிய இரண்டு வரிகளுக்குப் போதும். ஆனால் நோட்டு ஆண்டு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. அதைவிட முக்கியமானது குரல். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஜூனில் எழுத்துக் கூட்டித் தடுமாறி வாசித்ததையும், பிப்ரவரியில் அதே பத்தியை ஒரே மூச்சில் வாசித்ததையும் எந்தக் காகிதமும் பிடித்துவைக்காது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. அந்தப் பெயர்கள் குழந்தையை நோகடிக்காதவை. ஆனால் மொட்டு என்ற சொல் குழந்தை இன்று நிற்கும் இடத்தை மட்டுமே சொல்லும். ‘ழ’வில் தடுக்கியதா, ஒற்றெழுத்தில் தடுக்கியதா, அல்லது எல்லாம் தெரிந்தும் பயத்தில் நின்றதா என்பதை அரை நிமிட ஒலிப்பதிவு சொல்லிவிடும். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தையை ஏற்கும் ஆசிரியருக்கும், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது ஒன்றுபோல விளங்கும்.

இவ்வளவு நல்லது ஏன் இங்கே வேரூன்றவில்லை? நாம் இதைச் செய்து பார்க்காதவர்கள் அல்லர். 2012-13இல் முப்பருவ முறையோடு ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பருவத்தின் ஊடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு: செய்து பார்த்தல், சேகரித்தல், பேசிக் காட்டுதல். எண்ணம் உயர்ந்தது. ஆனால் செயல்பாட்டுக்கு மதிப்பெண் என்று ஆனதும், ஸ்டேஷனரிக் கடைகளில் தலைவர்கள் படம், பறவைகள் படம் என்று அச்சடித்த தாள்கள் விற்றன. வீட்டில் அக்காவோ அம்மாவோ வெட்டி ஒட்டினார்கள். மேல்வகுப்புகளில் ரெக்கார்டு நோட்டின் கதை இன்னும் பழையது. போன வருடத்து அண்ணனின் நோட்டைப் பார்த்து, சோதனையில் கிடைக்காத அளவீட்டைக்கூட அழகான கையெழுத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குவது அநேகமாக எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். இதைப் பிள்ளைகளின் நேர்மைக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் இடத்தில் யாரும் தன் தவறைச் சேமித்து வைக்கமாட்டார்கள். தவறு இல்லாத தொகுப்பில் வளர்ச்சி தெரியாது.

தொகுப்புக்கு மதிப்பெண் போடுவதன் சிக்கல் நம்முடையது மட்டுமன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் நான்காம், எட்டாம் வகுப்புகளில் எழுத்துக்கும் கணிதத்துக்கும் மாநிலம் தழுவிய தொகுப்பு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் இரண்டு செய்திகளைக் கண்டார்கள். ஒரே தொகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போகவில்லை. எனவே பள்ளிகளை ஒப்பிட அவற்றை நம்ப முடியவில்லை. அதே நேரத்தில், ஆசிரியர்களின் கற்பித்தல் மாறியிருந்தது. கணக்கு வகுப்பில் சிக்கலைத் தீர்ப்பதற்கும் தீர்த்த விதத்தை எழுதுவதற்கும் கூடுதல் இடம் கிடைத்திருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் முடிவு ஒன்றுதான். கற்பிக்கும் கருவியாகத் தொகுப்பு வலுவானது, அளக்கும் கருவியாக நலிந்தது. அதை மதிப்பெண்ணோடும் பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் எமிஸ் இணையதளத்தின் கட்டங்களோடும் கட்டினால் நலிந்த பாதியைப் பிடித்துக்கொண்டு வலுவான பாதியை இழப்போம்.

மதிப்பெண் இல்லையென்றால் யார் செய்வார்கள் என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம், பட்டம் இல்லாமலே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்துத் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலை தருகிறது. செய்துகாட்டும் திறமைக்கு மதிப்புண்டு என்பதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகளின் கண்முன்னே உள்ள சான்று அது. ஆனால் பன்னிரண்டு வயதில் தொகுப்பை வேலைக்கான பயோடேட்டாவாக்குவதும் மதிப்பெண்ணின் இன்னொரு வடிவம்தான். உண்மையான தூண்டுதல் பார்க்க ஆள் இருப்பது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நடத்திய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. ஒரு பாட்டை எடுத்து அது ஏன் நல்ல பாட்டு என்று சொல்வதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவர் கம்பனில் இதை வைக்கலாம், இதைத் தள்ளலாம் என்று முடிவுசெய்த விதத்தை ஏற்காதவர்கள் உண்டு. ஆயினும் தேர்ந்தெடுப்பதும் காரணம் சொல்வதும் ரசனையின் வேலை என்று அவர் காட்டினார். பருவத்துக்கு ஒருநாள் பிள்ளைகள் தங்கள் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, முதலில் எப்படி இருந்தது, எதை மாற்றினேன் என்று பெற்றோர் முன் சொல்லட்டும். செயற்கை நுண்ணறிவு நொடியில் கட்டுரை எழுதித் தரும் இந்தக் காலத்தில் அந்த வாய்மொழி விளக்கம்தான் காவல்.

ஆசிரியரின் நேரம் இதைவிடக் கடினமான தடை. நாற்பது பேர் வகுப்பில் ஆளுக்கு மாதம் மூன்று பதிவு, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் மாதம் பத்து மணி நேரம். ஏற்கெனவே பதிவேற்றங்களில் அலுத்திருப்பவரிடம் இதைக் கேட்கக் கூடாது. மாறாக, பருவத்துக்கு ஆளுக்கு ஒரு பதிவு, அதுவும் பிள்ளையே தேர்ந்தது, அதற்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஏழு மணி நேரத்துக்குள் பருவமே முடியும். புதிய வேலையாக இதைச் சேர்க்காமல், இப்போதைய பதிவேடு ஒன்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டும். கருவியும் பள்ளியில்தான் இருக்க வேண்டும். ஆலங்குளம், கடையநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் இருக்கிற ஒரே செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். வீட்டிலிருந்து அனுப்பு என்று சொன்ன நாளிலேயே தொகுப்பு வசதியுள்ளவர்களின் ஆல்பமாகிவிடும். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வந்த கையடக்கக் கணினியும், உயர்நிலைப் பள்ளியின் ஹைடெக் ஆய்வகமும் வாரம் ஒரு பாடவேளை இதற்குக் கிடைத்தால் போதும்.

கடைசியாக, தொகுப்பு யாருடையது? பிள்ளைகள் பாடுவதையும் பரிசு வாங்குவதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் யூடியூபிலும் போடுவது பள்ளிகளில் சாதாரணமாகிவிட்டது. அன்பினால்தான் போடுகிறார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள அனைவரையும் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அதிலும் தடுமாறி வாசித்த குரல் வெளியே போனால் அந்தக் குழந்தை மறுபடி வாய்திறக்காது. ஆகவே தொகுப்பு வகுப்பறைக்கும் வீட்டுக்கும் வெளியே போகக் கூடாது. எட்டாம் வகுப்பு முடித்து டிசி வாங்க வரும் நாளில், அவர்களே தேர்ந்த பதிவுகளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, பள்ளியின் கணினியில் உள்ளதை அவர்கள் பார்க்கவே அழித்துவிட வேண்டும்.