தோலுக்கு எட்டும் கடல்

2013 ஆகஸ்டில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரையில், நீர் வற்றியிருந்த வேளையில் கடலுக்குள் இறங்கினார் சேரா கேமரன் சண்டே என்ற கலைஞர். நீர் ஏறி மறுபடியும் வற்றும்வரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றார். முந்தைய ஆண்டு நியூயார்க்கைச் சிதைத்த சாண்டி புயல்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ‘36.5’ என்ற அந்த நிகழ்த்துகலை மெக்சிகோ, நெதர்லாந்து, வங்கதேசம், பிரேசில், கென்யா, நியூசிலாந்து எனப் பல கரைகளில் தொடர்ந்து, 2022 செப்டம்பரில் நியூயார்க்கின் ஓதநீரில் நிறைவடைந்தது.

உடம்பும் ஓர் அறிவுக்கருவி என்று வாதிடும் கலைவழி ஆய்வுகளில் இதை நான் உயர்ந்த இடத்தில் வைக்கிறேன். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள நொடி போதும். கணுக்காலில் இருந்த நீர் இடுப்பைத் தாண்டி மேலேறும்போதும், காலடி மணல் அரிபடும்போதும், குளிர் எலும்பைத் தொடும்போதும் அந்த எண் ஒரு முழு நாளின் கனத்தைப் பெறுகிறது. கரையிலிருந்து ரசிக்கும் காட்சியாகக் கடல் அப்போது இருப்பதில்லை. உள்ளூர் மக்கள் தாங்களும் நீரில் இறங்கிச் சண்டேயின் அருகே நின்றதால், ஒருவரின் தவமாக இது சுருங்கிப்போகவும் இல்லை.

ஆனால் இந்தப் படைப்பு பேச விரும்புவது கடல்மட்ட உயர்வை. அது இன்று உலகச் சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். எந்தத் தோலுக்கும் அது எட்டாது. செயற்கைக்கோளும் துறைமுகத்து அளவுமானியும் பல பத்தாண்டுகள் காத்திருந்து கண்டுபிடித்த செய்தி அது. சண்டேயின் உடம்பு உணர்ந்தது நிலவு இழுக்கும் ஓதத்தை. ஓதத்தை உணர்ந்ததையே பருவநிலை மாற்றத்தை உணர்ந்ததாகக் கொள்வது உருவகம். உருவகத்துக்குக் கலையில் முழு உரிமை உண்டு, ஆய்வில் இல்லை.

உடம்பின் கடலறிவு எவ்வளவு கூர்மையாக முடியும் என்பதற்கு மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவைச் சேர்ந்த கடல்வழிகாட்டி மாவ் பியாய்லுக் சான்று. குழந்தையாக இருந்தபோதே அவருடைய தாத்தா அவரைக் கடலோரக் குட்டைகளில் கிடத்தி, நீரின் அசைவைப் பழக்கினாராம். 1976இல் கருவிகள் எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹீதிக்கு, 4,000 கிலோமீட்டருக்கு மேல், ஹோக்குலேயா என்ற படகுக்கு அவர் வழிகாட்டினார். விண்மீன் மறைந்த இரவுகளில், படகு ஆடும் விதத்தைக் கொண்டே அலைத்திசையை அறிந்தார். அங்கே உடம்பு தவறினால் தீவைத் தவறவிட நேரும். தலைமுறைகளின் திருத்தம் அந்த உடம்பில் இருந்தது.

‘36.5’இல் உடம்பு தவறுவதற்கே இடமில்லை. எதை உணர்ந்தாலும் அது சரிதான். இந்தக் குறை சண்டேயுடையது மட்டுமல்ல, கடலைப் பாடும் பல கலைவழி ஆய்வுகளுக்கும் பொது. ஒரே கரையில் ஆண்டுக்கணக்கில் இறங்கி, தன் உணர்வை அங்குள்ள மீனவரின் கணிப்போடும் அளவுமானியோடும் ஒப்பிட்டு, எங்கே பிசகியது என்றும் ஒரு கலைஞர் எழுதிவைக்கலாம். இத்தகைய ஆய்வுகளுக்குப் பட்டமும் நிதியும் தரும் பல்கலைக்கழகங்கள் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.